சூரன்போர் அன்று நித்திரை கொண்டவர்

புரட்டாதி பிறந்துவிட்டால் அந்த ஒழுங்கைக்கு வாய் ஓயாது. துறைமுக வீதியிலிருந்து முருகன் கோயில் வாசல்வரை அந்தச் சிறு தெருவில் உள்ள மின்கம்பங்கள் எல்லாவற்றிலும் நோட்டீஸ் ஏறும். ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோ ஒன்று காலையும் பின்னேரமும் ஊர்ந்து வந்து, வரப்போகிற விழாக்களைச் சொல்லிக்கொண்டு போகும். நவராத்திரி, வாணி விழா, கேதாரகௌரி காப்பு, தீபாவளி, அது முடிந்த கையோடு கந்தசஷ்டி, சூரன்போர், திருக்கல்யாணம், பிறகு கார்த்திகை விளக்கீடு. மழை தொடங்குகிற காலம். கடலுக்குப் போகிறவனுக்கும் கூலிக்குப் போகிறவனுக்கும் கை சும்மா இருக்கிற காலம். ஆகவே விழா எதிலும் ஒரு குறை வராது.

அந்த வருஷம் நோட்டீசில் போடாத விஷயம் ஒன்றும் ஒழுங்கைக்கு வர இருந்தது. கோயிலிலிருந்து நாலைந்து வீடு தள்ளிக் கிடந்த வேலனின் சாவு. அது வரும் என்று எல்லாருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஊரே அந்தரப்பட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் நடந்தது அதுதான்.

கோயில் வீதியில் பிரேதம் கிடந்தால் கோயிலில் பூசை நடவாது. பிரேதத்தை எடுத்து, வீதிக்குத் தண்ணீர் தெளித்து, அதற்குப் பிறகுதான் ஐயர் கதவைத் திறப்பார். சாதாரண நாளென்றால் ஒரு பூசை பிந்தும், அவ்வளவுதான். கந்தசஷ்டிக்குள் அப்படி நடந்தால் கதை வேறு. பாலையூற்றில் இருந்தும் மூதூரில் இருந்தும் சனம் வந்து விரதம் இருக்கிற கோயில் அது. சூரன்போர் அன்று ஒழுங்கையில் எள் போட்டால் விழாது.

வேலனைப் பார்த்துக்கொண்டவள் மகள் மதிவதனா. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பனியில், படகுகளுக்கு ஐஸ்கட்டி ஏற்றிவிடும் வேலை. தாய் நோயில் விழுந்தபோது மதிக்கு ஒரு கலியாணம் பேசி வந்தது. தாய் எழும்பட்டும் என்று தள்ளிவைத்தார்கள். தாய் எழும்பவில்லை, கலியாணமும் திரும்பி வரவில்லை. பிறகு தம்பி இராகுலன் கட்டாருக்குப் போனான். வீட்டில் தகப்பனும் மகளும் மிஞ்சினார்கள். அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தவள் அல்ல. ஐஸ் கம்பனியில் ஆம்பிளைகளை அதட்டி வேலை வாங்குவாள், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பாள், தகப்பனோடு தினமும் எதற்காவது கொழுவுவாள்.

வேலன் சாதாரண ஆளில்லை. அந்தக் கோயிலில் சூரன்போர் அன்று தூக்கி ஓடுகிற சூரன் சிலைக்கு முன்தண்டு பிடித்தவர். சூரனைத் தூக்க இருபது பேர் வேண்டும், ஆனால் சூரன் எப்படி ஓட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எந்த இடத்தில் தலையைச் சிலுப்ப வேண்டும் என்பதெல்லாம் முன்தண்டுக்காரனின் தோளில் இருக்கிறது. வேலன் பிடித்தால் சூரனுக்கு உயிர் வந்துவிடும் என்று சொல்வார்கள். முதுகு வளையும் மட்டும் அவர்தான் பிடித்தார். திருவிழாவுக்கு ஒரு இடைஞ்சல் வரவிடமாட்டார், அது யாருடைய வீட்டு இடைஞ்சலாக இருந்தாலும்.

எதிர்வீட்டுச் சிவகாமிப்பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். மதி பள்ளிக்கூடம் போன காலத்தில், இதே கந்தசஷ்டியில், சிவகாமிப்பிள்ளையின் புருஷன் விடியப்புறம் செத்துப்போனார். மூத்த மகன் கட்டைபறிச்சானில் வயல் வேலையில் நின்றான். ஆள் அனுப்பி, அவன் லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து வரப் பின்னேரமாகும். ‘பெடியன் வரட்டும்’ என்று சிவகாமிப்பிள்ளை வேலனின் காலைப் பிடித்தாள். வேலன்தான் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கினார். மத்தியானப் பூசைக்கு முதல் எல்லாம் முடிந்தது. மகன் வந்து பார்த்தது சுடலையில் கிடந்த சாம்பலைத்தான். அவன் அதற்குப் பிறகு அந்த ஒழுங்கைக்குள் கால் வைக்கவில்லை.

இப்போது வேலனின் முறை. சிறுநீரகம் இரண்டும் பழுது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டு, யன்னலைத் திறந்துவிட்டிருந்தாள் மதி. ஓட்டோ வந்து விழாக்களைச் சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணைத் திறந்து கேட்பார். ஒரு நாள் ஓட்டோ போன பிறகு அவளுடைய கையைப் பிடித்தார்.

“பிள்ளை.”

“சொல்லுங்கோ அப்பா.”

“நான் சஷ்டிக்குள்ள போனன் எண்டா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவாங்கள்.”

“ஒருத்தரும் தூக்கமாட்டினம். பேசாமப் படுங்கோ.”

“எனக்குத் தெரியும் பிள்ளை. நான்தானே தூக்கினனான்.” மூச்சு வாங்கியது. “தம்பி வரும் மட்டும் என்னை இந்த வீட்டை விட்டு எடுக்கவிடாதை. அவன்ர கையால போகவேணும்.”

அவள் ஓம் என்றாள். வாய்ச்சொல்லுக்குத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அந்தச் சொல் அவளை விடவில்லை.

நவராத்திரிக்குக் கடலையும் அவலும் கொண்டுவந்த பெண்கள் “அப்பா என்ன மாதிரி?” என்று கேட்டார்கள். கேதாரகௌரி காப்பு எடுத்து வந்தவர்களும் கேட்டார்கள். தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்தவர்கள் கட்டிலுக்குக் கிட்டப்போய் நின்று, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அவ்வளவு பாசம் அந்த வீட்டுக்கு முன்னொருபோதும் வந்ததில்லை. சிவகாமிப்பிள்ளை மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவள் அந்த வீட்டுப் படியேறி எத்தனையோ காலம்.

சஷ்டி தொடங்குவதற்கு முதல்நாள் கோயில் தலைவர் தர்மசீலன் ஒரு நெஸ்டமோல்ட் சத்துமாப் பேணியோடு வந்தார். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். சத்தமாகப் பேசமாட்டார். கதிரையை இழுத்துப்போட்டு, வேலனின் நெற்றியைத் தடவி, ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

“தங்கச்சி, நான் ஒண்டு சொல்லுறன், குறை நினைக்கப்படாது. இந்த ஆறு நாளைக்கும் அப்பாவை ஆஸ்பத்திரியில வைச்சுப் பார்த்தால் என்ன? உங்களுக்கும் ஒரு ஆறுதல்.”

“ஆஸ்பத்திரியில வேண்டாம் எண்டுதானே அனுப்பினவை அண்ணா.”

“நான் கதைச்சு ஒழுங்கு செய்யிறன். ஏதும் நடந்தாலும் அங்கயிருந்தே மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய், அங்கயிருந்தே...”

“அங்கயிருந்தே சுடலைக்கோ?”

தர்மசீலன் கையில் இருந்த குடையைப் பார்த்தார். “திருக்கல்யாணம் முடியும் மட்டும் வீதிக்குள்ள கொண்டுவர ஏலாது தானே. அது உங்களுக்குத் தெரியாததில்லை.”

“தம்பி டிக்கற் போட்டிட்டான். சூரன்போருக்கு அடுத்த நாள் விடிய வந்திடுவான். அப்பா இங்கதான் இருப்பார்.”

“சரி. முருகன் பார்த்துக்கொள்ளட்டும்,” என்று அவர் எழும்பினார். வாசலில் நின்று, “ஆனா ஏதும் நடந்தால் உடன சொல்லவேணும் தங்கச்சி. ஒளிக்கக்கூடாது. அது ஊருக்கே பழி,” என்றார்.

மதி கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டவில்லை. தகப்பனை விட்டுப் போக முடியாது. என்றாலும் பட்டினி கிடந்தாள். முதல்நாள் போனது. இரண்டாம் நாள் போனது. இரவில் அவரது மூச்சு நின்று நின்று வரும்போது, முருகா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் மனதுக்குள் பேரம் பேசினாள். ஒழுங்கையில் எல்லாரும் அதையேதான் வேண்டினார்கள். ஒரு கிழவனின் உயிருக்காக இவ்வளவு பேர் ஒருமித்துப் பட்டினி கிடந்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. ஐந்தாம் நாளும் போனது.

ஆறாம் நாள் விடியும்போது, கோயிலில் முதல் மணி அடித்துக்கொண்டிருக்க, வேலன் போய்விட்டார்.

மதி தண்ணீர்ப் பஞ்சை அவருடைய உதட்டில் ஒற்றப் போனவள், உதடு வாங்கவில்லை என்று கண்டாள். மூக்கடியில் விரலை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். ஐயோ என்று தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் வெளியே ஓட்டோ வந்தது. இன்று பிற்பகல் நான்கு மணிக்குச் சூரசம்ஹாரம், அடியார்கள் அனைவரும் ஆசாரசீலர்களாக வருகைதந்து என்று சொல்லிக்கொண்டு போனது. அவள் முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

கத்தினால் போச்சு. அரை மணித்தியாலத்தில் தர்மசீலன் வருவார். மத்தியானத்துக்கு முதல் சுடலை. இராகுலன் வந்து சாம்பலைப் பார்ப்பான், சிவகாமிப்பிள்ளையின் மகன் பார்த்ததைப்போல. கத்தாவிட்டால், பிரேதம் கிடக்கிற வீதியில் சூரன்போர் நடக்கும். அந்தத் தீட்டு, அந்தத் துடக்கு, அவள் தலையில். சின்ன வயதிலிருந்து முருகனைக் கும்பிட்டவளுக்கு அது சின்ன விஷயமில்லை. நிலத்தில் இருந்தபடி அவள் நடுங்கினாள். நடுங்கி முடிந்ததும் எழும்பித் தகப்பனின் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, காதுக்குக் குளிர் படாமல் கட்டியதுபோல் ஒரு சால்வையை மேலே சுற்றினாள். யன்னலைச் சாத்தினாள். கால்பெருவிரல்களை மட்டும் கட்டவில்லை. யாரும் போர்வையை விலக்கிவிட்டால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ஐஸ் கம்பனியில் தன்னோடு வேலை செய்யும் றம்ஸியாவுக்குப் போன் எடுத்தாள். கிண்ணியாக்காரி, முஸ்லிம், பதினைந்து வருஷப் பழக்கம். உலகத்தில் அன்று அவளுக்கு உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆள், துடக்கு ஒட்டாத ஆள்.

றம்ஸியா இரண்டு றெஜிபோம் ஐஸ்பெட்டி நிறைய உடைத்த ஐசோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே வந்து வேலனைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்து, மெல்ல ஏதோ ஓதினாள்.

“எங்கட ஆக்கள் எண்டா அசர் தொழுகைக்கு முந்தி அடக்கிப்போடுவம் மதி. மையத்தை வைச்சிருக்கிறதுதான் எங்களுக்குப் பாவம்.”

“எங்களுக்கும் இண்டைக்குப் பாவம்தான். எந்தப் பக்கம் போனாலும் பாவம்.”

றம்ஸியா அதற்குமேல் கேட்கவில்லை. இருவரும் பாயை விரித்து, ஐசைப் பொலித்தீன் பைகளில் கட்டி, அவருடைய இரு பக்கமும் வைத்துப் போர்வையால் மூடினார்கள். ஐஸ் வேலை இருவருக்கும் பழகிய வேலை. மீனுக்கு வைக்கிற அதே கைப்பழக்கத்தில் தகப்பனுக்கும் வைக்கிறேனே என்று நினைத்தபோதுதான் மதிக்குக் கண்ணீர் வந்தது. சத்தமில்லாமல் அழுதாள். றம்ஸியா அவளுடைய முதுகைத் தடவிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

ஐஸ் வந்து இறங்கியதை ஒழுங்கை பார்த்திருந்தது. சற்று நேரத்தில் தர்மசீலனின் மகள் நிருசா வாசலில் நின்றாள். கோயிலடியில் தாகசாந்திப் பந்தல் போட்டிருந்தார்கள்.

“மதி அக்கா, தாகசாந்திக்கோ ஐஸ் எடுத்தனீங்கள்? எங்களுக்குக் காணாமல் கிடக்கு.”

மதி திரும்பி உள்ளே பார்த்தாள். பிறகு, “ஓம், உங்களுக்குத்தான். ஒரு பெட்டியைக் கொண்டுபோம்,” என்று இன்னும் திறக்காமல் இருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். நிருசா சந்தோசப்பட்டுக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது இரண்டு கோப்பை சர்பத் கொண்டுவந்தாள், ஒன்று மதி விரதம் முடிக்கும்போது குடிக்க, மற்றது “அப்பாக்கு, தொண்டை நனைக்க.”

“அப்பா நித்திரை. வைச்சிட்டுப் போம்,” என்றாள் மதி.

மத்தியானம் போன் அடித்தது. இராகுலன், கட்டார் விமான நிலையத்திலிருந்து.

“அக்கா, ஏறப்போறன். அப்பா என்ன மாதிரி?”

இவனுக்குச் சொன்னால் என்ன என்று அவள் நினைக்காமல் இல்லை. சொன்னால் அவன் அங்கேயே விழுந்து அழுவான். கூட வருகிறவனுக்குச் சொல்வான், அவன் ஊருக்குப் போன் அடிப்பான், ஒரு மணித்தியாலத்தில் ஒழுங்கைக்கு வந்துவிடும்.

“படுத்திருக்கிறார்,” என்றாள்.

“போனை அவற்ற காதில வை அக்கா. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு ஏறுறன்.”

அவள் கட்டிலடிக்குப் போனாள். சால்வையை விலக்கி, குளிர்ந்து கிடந்த காதில் போனை வைத்துப் பிடித்தாள். அறையில் வேறு சத்தம் இல்லாதபடியால் தம்பி பேசியது அவளுக்கும் கேட்டது.

“அப்பா, நான்தான் இராகு. வந்துகொண்டிருக்கிறன் அப்பா. நடுவில பிளேன் மாறி, விடிய நிப்பன். எங்கயும் போயிடாதேங்கோ.”

ஐஸ் உருகி ஒரு சொட்டுத் தண்ணீர் நிலத்தில் விழுந்தது. மதி போனைத் தன் காதுக்குக் கொண்டுவந்தாள்.

“கேட்டவரோ அக்கா?”

“ஓம்.”

“ஏதும் சொன்னவரோ?”

“தலையாட்டினவர்.”

மறுபக்கத்தில் அவன் அழுவது கேட்டது. சந்தோசத்தில் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. போனை வைத்த பிறகு அவள் சுவரில் தலையை இடித்துக்கொண்டாள். வலிக்கிறமாதிரித்தான் இடித்தாள்.

பின்னேரம் மேளம் தொடங்குகிற நேரம் சிவகாமிப்பிள்ளை படியேறி வந்தாள். தோய்த்த வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் சஷ்டிக் காப்பு. ஆறு நாள் பட்டினியில் முகம் வற்றியிருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் நின்றாள். மதி கதவை முழுக்கத் திறக்கவில்லை.

“அப்பா நித்திரை, மாமி.”

சிவகாமிப்பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். கதவுக்குக் கீழாகத் தண்ணீர் ஒரு கோடாக வந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து விரலால் தொட்டாள். அது குளிர்ந்திருந்தது. எழும்பி மதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று மதி எதிர்பார்த்தாள். இப்போது கத்துவாள், நியாயமும் அதுதான், என் புருஷனைத் தூக்கியவனை ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கேட்பாள் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நித்திரை எண்டால் எழுப்பாதை,” என்றாள் சிவகாமிப்பிள்ளை. “உன்ர தம்பி வந்து எழுப்பட்டும். அந்தத் தண்ணிக்கு ஒரு சாக்கைப் போடு.”

அவள் கோயில் பக்கம் போகவில்லை. எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக் கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. மதி யன்னல் இடுக்கால் பார்த்தாள். சிவகாமிப்பிள்ளை தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள், செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் முழுகுவதுபோல. பிறகு ஈரத் தலையோடு வாசலில் வந்து இருந்தாள். துடக்குத் தெரிந்த பிறகு கோயிலுக்குள் போகக்கூடாது என்பதற்காக ஆறு நாள் விரதத்தையும் அந்த மனுசி கிணற்றடியில் கைவிட்டிருந்தாள். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சூரன் வந்தது. முதல் யானைத் தலையோடு ஓடியது, பிறகு சிங்கத் தலையோடு. பறை மேளம் வீட்டுச் சுவரை அதிரப் பண்ணியது. மூன்றாம் முறை சூரபத்மனின் சொந்தத் தலையோடு வந்தபோது, வேலனின் வாசலில் மேளம் நின்றது. ஸ்பீக்கரில் யாரோ வேலனின் பெயரைச் சொன்னார்கள். நீண்ட காலம் முன்தண்டு பிடித்த பெரியவரைக் கௌரவிக்கப்போகிறோம் என்றார்கள். மதி வாசலுக்கு வந்து நின்றாள். தர்மசீலன் தட்டில் பொன்னாடையும் மாலையும் ஏந்தி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னால் நாலைந்து பேர்.

“அண்ணா, அவர் நித்திரை. என்னட்டத் தாங்கோ, நான் போடுறன்.”

“ஒரு நிமிசம் தங்கச்சி. சனம் பார்த்துக்கொண்டு நிக்குது.”

“மற்றவை வரவேண்டாம். ஆக்களைக் கண்டால் அவருக்கு மூச்சு முட்டும்.”

அவர் மட்டும் உள்ளே போனார். மதி பின்னால் போய்க் கதவோரம் நின்றாள். தர்மசீலன் கட்டிலடியில் குனிந்து, மாலையைப் போடுவதற்காக வேலனின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தார். கொடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். கழுத்து வளையவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஐஸ் ஒன்று சரிந்து பொலித்தீன் சரசரத்தது.

வெளியே சனம் அரோகரா என்றது.

தர்மசீலன் மாலையை அவருடைய நெஞ்சில் வைத்தார். பொன்னாடையை விரித்து முகவாய்வரை இழுத்துவிட்டார். கையை வேட்டியில் துடைத்தார். மதியின் பக்கம் திரும்பாமல், “எத்தினை மணிக்கு?” என்றார்.

“விடிய.”

“நான் இதுக்குள்ள வரேல்லை. நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஒன்பது மணிக்குப் பிறகு சொல்லுங்கோ. நாளைக்குத் திருக்கல்யாணம், காலமை பத்துக்கு முதல் எடுத்துப்போடவேணும்.”

அவர் வாசலுக்குப் போய், சனத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “ஐயா நல்ல நித்திரை. எழுப்ப மனமில்லை,” என்றார். மேளம் மறுபடியும் தொடங்கியது. சூரன் வேலனின் வாசலில் மூன்று தரம் தலையைச் சிலுப்பிவிட்டு ஓடியது. சற்று நேரம் கழித்து, சூரன் மாமரமாகி விழுந்து, சேவலும் மயிலும் ஆன பிறகு, ஐயர் முதல் மரியாதைக் காளாஞ்சியைத் தலைவருக்குக் கொடுத்தார். தர்மசீலன் அதை அதே கைகளால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊருக்கே பழி என்று சொன்னவரும் அவர்தான். எதிர்வீட்டு வாசலில் சிவகாமிப்பிள்ளையின் தலை இன்னும் காயவில்லை.

இரவு ஒன்பதுக்குப் பிறகு மதி கத்தினாள். காலையிலிருந்து தொண்டையில் கிடந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. அதில் நடிப்பு இல்லை. பிரேதத்தை ஒழுங்குசெய்கிற மலர்ச்சாலைக்காரன் வந்து கையைத் தூக்கிப் பார்த்தான், அது விறைத்திருந்தது. அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினான். நேரம் கேட்டவர்களுக்கு ஒன்பதே கால் என்று தர்மசீலனே சொன்னார். பஞ்சாங்கத்தைப் பார்த்த ஐயர், ஏழு மணியோடு சஷ்டி முடிந்து சப்தமி பிறந்துவிட்டது, ஆகவே திதி ஐப்பசி வளர்பிறைச் சப்தமி என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த நிமிசத்தில்தான் மதிக்குத் தான் செய்தது என்னவென்று விளங்கியது. தம்பியை நினைத்தாள், ஊரை நினைத்தாள், துடக்கை நினைத்தாள். திதியை நினைக்கவில்லை. மனிசன் போனது சஷ்டியில். இனி வருஷா வருஷம் பிள்ளைகள் அவரைத் திவசத்துக்கு அழைக்கப்போவது சப்தமியில். அவர் வாசலுக்கு வருகிற நாளில் வீட்டில் இலை விரித்திருக்காது, இலை விரிக்கிற நாளில் அவர் வரமாட்டார். அவள் ஐயர் பக்கம் வாயைத் திறந்தாள். தர்மசீலன் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இராகுலன் விடிய வந்தான். வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள், அவன்தான் கொள்ளி வைத்தான். அவள் கொடுத்த வாக்கு நிறைவேறியது. சுடலையால் வந்து குளித்துவிட்டு, அவன் குசினிக்குள் அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

“நான் பிளேனுக்குள்ள இருக்கேக்க அவர் உயிரோட இருந்தவர் அக்கா. என்ர குரலைக் கேட்டிட்டுத்தான் போனவர். அது போதும் எனக்கு. அது இல்லையெண்டால் எனக்கு விசர் பிடிச்சிருக்கும்.”

மதி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “ஓம் தம்பி,” என்றாள். சொல்ல இருந்த ஒரே சந்தர்ப்பமும் அத்தோடு போனது.

அடுத்த வருஷமும் புரட்டாதி பிறந்தது. மின்கம்பங்களில் நோட்டீஸ் ஏறியது, ஓட்டோ வந்தது. வேலனின் ஆண்டுத் திதிக்கு இராகுலன் லீவெடுக்க முடியாமல், ஐயரிடம் எல்லாம் ஒழுங்கு செய்திருந்தான். சூரன்போருக்கு அடுத்த நாள், சப்தமி. நினைவஞ்சலி நோட்டீசிலும் அப்படித்தான் போட்டார்கள்.

சூரன்போர் அன்று ஒழுங்கை முழுக்கப் பட்டினி. ஒரு வீட்டிலும் அடுப்புப் புகையவில்லை. மதியின் குசினியில் மட்டும் சோறு கொதித்தது. றம்ஸியா விடியவே கொண்டுவந்து கொடுத்த பாரை மீனைப் புளிவிட்டுக் காய்ச்சினாள், வேலனுக்குப் பிடித்த மாதிரி உறைப்பாக. நடுப்பகலில் குழம்பு வாசம் ஒழுங்கைக்குள் போனது. விரதக்காரப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். கோயிலுக்கு நாலு வீடு தள்ளி, அதுவும் சூரன்போர் அன்று, மீன். நாலு பேர் வாசலில் நின்று கேட்டார்கள். விசர் பிடித்துவிட்டது என்றும் மதம் மாறி வேதக்காரியாகிவிட்டாள் என்றும் அன்றே கதை கட்டினார்கள். கடைசியில் தர்மசீலனைக் கூட்டிவந்தார்கள். அவர் வாசல்வரை வந்தார். குழம்பு வாசத்தில் நின்றார். முகம் கறுத்தது.

“விடுங்கோ, அது அவையின்ர வீட்டு விசயம்,” என்று சொல்லிவிட்டு அவசரமாகத் திரும்பிப் போனார்.

எதிர்வீட்டில் சிவகாமிப்பிள்ளை ஆறு நாள் விரதத்தோடு வாசலில் இருந்தாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை.

மதி முன்னறையில், கட்டில் கிடந்த இடத்தில் வாழையிலையை விரித்தாள். சோற்றைப் போட்டு, மீனைப் போட்டு, ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்தாள். போன் அடித்தது. இராகுலன், நாளைக்கு ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டான். சொன்னாள். போனை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, இலைக்கு முன்னால் இருந்தாள்.

“இண்டைக்குத்தான் அப்பா,” என்றாள். “வந்து சாப்பிடுங்கோ. நாளைக்குத் தம்பி கூப்பிடுவான். ஏலும் எண்டால் அவனுக்கும் ஒருக்கா வாங்கோ. அவனுக்குத் தெரியாது.”

வெளியே மேளம் தொடங்கியது.